திரையில் மூடிய மதகுகள்

மேசை மேலிருந்த டீ கிளாஸுக்குக் குளிர்ஜுரம் கண்டிருந்தது. கிடுகிடுவென்று தட்டோடு பல்லடித்தது. அணைக் காவலர் அதைக் கையால் அழுத்திப் பிடித்தார். நடுக்கம் கிளாஸிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறி, தோளில் வசதியாக உட்கார்ந்துகொண்டது. தரைக்கடியில் ஆயிரம் யானைகள் ஒரே மூச்சில் தொண்டையைச் செருமுவது போல ஓர் உறுமல்; பூட்டிய அறைக்குள் எங்கிருந்தோ ஈரச் சேற்று வாடை. கணினித் திரையிலோ ஏழு மதகுகளும் பச்சை விளக்கோடு, பால் குடித்த குழந்தைகளாகத் தூங்கின. எல்லாம் மூடியிருந்தன.

பொறியாளருக்கு ஃபோன் போட்டார்.

"சார், தண்ணி போற சத்தம் கேக்குது."

"திரையில என்ன காட்டுது?"

"மூடியிருக்குன்னுதான்..."

"அப்புறம் என்னய்யா? காலையிலேருந்து நாலு அணைக்காரங்களும் இதே புலம்பல்! எல்லாத் திரையும் பச்சையாத்தானே இருக்கு? ஒரே நாள்ல உங்க எல்லாருக்கும் காது கெட்டுப்போச்சா?"

"நாலு அணையிலயுமா சார்?"

அதற்குள் பொறியாளர் ஃபோனை வைத்துவிட்டார்.

திரையில் வெயில் அடிக்கக் கூடாதென்று ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய மகராசனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியபடி, காவலர் அந்தத் தாளை நகத்தால் கிழித்தார். ஒரு கீற்று வெயில். ஒரு கீற்று ஆறு. முதல் மதகு முழுக்கத் தூக்கியிருந்தது. இரண்டாவது எழுந்துகொண்டிருந்தது.

மூடும் பொத்தானை அமுக்கினார். குத்தினார். 'ஏற்கனவே மூடியுள்ளது' என்று திரை பணிவாகச் சொன்னது. கையால் சுற்றி மூடும் சக்கரத்தையோ, கணினி வந்த கையோடு கழற்றி, தங்க வர்ணம் பூசி, வாசல் பூச்செடிகளுக்கு நடுவே அழகுக்கு நட்டு வைத்திருந்தார்கள். அபாயச் சங்கு? மதகு திறந்ததாகத் திரை ஒத்துக்கொண்டால்தான் அது ஊதும்.

மகள். பேரன். மத்தியானம் அணைக்குக் கீழே ஆற்று மணல் திட்டில் குளிக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மகளுக்கு ஃபோன் போட்டார். மணி அடித்தது. அடித்தது. எடுத்தாள்.

"கரைக்கு ஓடு! புள்ளையத் தூக்கிட்டு ஓடு!"

"என்னப்பா விளையாட்டு இது? ஃபோன்ல ஓடுங்கறீங்க, ஒலிபெருக்கியில இறங்குங்கறீங்க!"

அந்த அறையில் மைக்கே கிடையாது.

ஃபோனுக்குள், தூரத்தில், ஆற்றங்கரை ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்து ஒரு குரல். அவருடைய குரல். அவருடைய கரகரப்பு. நடுவில் அவருடைய இருமல்கூட.

"பயப்படாம இறங்கு குட்டிம்மா. அப்பா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது நான் இல்ல!" கத்தினார். "அது நான் இல்லம்மா!"

"ரெண்டும் சேர்ந்து கேக்குதுப்பா, ஒண்ணும் புரியல."

கிழிந்த தாளுக்கு அப்பால் மூன்றாவது மதகு எழுந்தது.

ஃபோனில், பேரன் தண்ணீரில் குதித்துச் சிரிக்கும் சத்தம்.