உறங்கிய விழிவாசி

நிலவின் நான்காம் குடியிருப்பில் துணி உலர வெயில் தேவையில்லை. ஈரத்துணியைக் காற்றறையில் தொங்கவிட்டுக் கதவை அடைத்தால், பம்பு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடும். கால் மணி நேரத்தில் துணி மொறமொறப்பாகிவிடும். காற்று திரும்பியதும் உள்ளே போய்த் துணியை எடுத்துக்கொண்டு, கண்ணைப் படித்து ஆளை அறியும் சுவர்க் கருவியான விழிவாசியைப் பார்த்தால், பின்னால் மூடிக்கொண்ட கதவு திறக்கும். வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள்.

அன்று துணிகளை அள்ளிக்கொண்டு பிரபாவதி விழிவாசியைப் பார்த்தாள். அது அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள், விளக்கு எரியவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குடியிருப்பின் கணினிகளைப் பராமரிப்பவள் அவள்தான். இரண்டு விநாடி சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. கருவி எதுவானாலும் உறங்கவைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும்படி முந்தின வாரம் நிர்வாகம் ஆணையிட்டிருந்தது. கணினிகளை இயக்கும் லினக்ஸில் அதை அமைத்தவளும் அவளே. மற்றக் கருவிகள் கூப்பிட்டால் விழித்தன. இந்தக் கிழட்டு விழிவாசி விழிக்கவில்லை. உள்ளே ஆள் இருப்பதைக் கணினிக்குச் சொல்வதும் அதுதான். இன்னும் ஒன்பது நிமிடத்தில் அடுத்த வீட்டின் முறை. பம்பு தானாக ஓடத் தொடங்கும்.

"அக்கா, நேரமாச்சு, வெளிய வாங்க." ஒலிபெருக்கியில் பக்கத்து வீட்டு ஜமீலின் குரல்.

"கதவு திறக்கல ஜமீல். விழிவாசி தூங்கிடுச்சு. அங்க திரை இருக்கில்ல, நான் சொல்றதை அப்படியே தட்டு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டா சரியாயிடும்க்கா."

"வேண்டாம்!" என்று அவள் கத்துவதற்குள் அணைத்துவிட்டான். கணினி எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. விழிவாசி ஒருமுறை மின்னி, இரண்டே விநாடியில் மறுபடி உறங்கியது.

அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

"'ஆட்டோ'ன்னு இருக்குக்கா."

"அதை 'ஆன்'னு மாத்து, அப்பத்தான் தூங்காது. சீக்கிரம்."

"பாஸ்வேர்ட் கேக்குது."

யாருக்கும் சொல்லாத அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கத்தினாள். பாதியில் பம்பு உறுமியது. மீதி எழுத்துகளைக் கத்தியபோது காது அடைத்தது, தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. கதவை அறைந்தாள். கையிலிருந்த துணிகள் சிதறின.

விளக்கு எரிந்தது. முகத்தை விழிவாசியில் அழுத்தினாள். பம்பு நின்றது, காற்று சீறிக்கொண்டு வந்தது. கதவு திறந்ததும் ஜமீலின் வாளிமேல் போய் விழுந்தாள்.

அன்று மாலையே தீர்வை எழுதிக் கணினியிலுள்ள பொதுப்பலகையில் போட்டாள். எண்ணூறு பேர் நன்றி சொன்னார்கள்.

நான்காம் நாள் அவள் சமையலறையில் இருந்தபோது விளக்குகள் அணைந்தன. குடியிருப்பு முழுவதும் எல்லாக் கதவுகளும் பூட்டிக்கொண்டன. எந்தக் கருவியும் உறங்காமல் விழித்திருந்ததில் மின்கலம் வற்றிப்போயிருந்தது.

"ஜமீல்!" சுவரைத் தட்டினாள். "என்ன பண்ணினீங்க எல்லாரும்?"

"நீங்க எழுதினதைத்தான்க்கா அப்படியே காப்பி பண்ணி, அன்னிக்கு நீங்க கத்தின பாஸ்வேர்டையும் தட்டி எல்லாத்துலயும் போட்டோம்."

"'அந்த ஒரு விழிவாசிக்கு மட்டும், வேற எதுலயும் போடாதீங்க'ன்னு அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேனே!"



"அவ்வளவு தூரமெல்லாம் யாரு படிக்கிறாங்கக்கா?"