எடுத்துக் கொடுத்த அடி

மழை... சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிய மழை! மாதா கோயில் பூசை முடிந்து திரும்பிய பெர்னதெத், முத்தியால்பேட்டைத் தமிழ்ச் சபையின் ஜன்னலோரம் ஒதுங்கினாள். உள்ளே செய்யுள் ஒப்பிக்கும் போட்டி. முதல் பரிசு வாங்குபவருக்குத் தமிழ் வாத்தியார் வேலை நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

மேடையில் நின்ற சவரிராயனோ, களவு கூடாது என்னும் பழம்பாட்டின் கடைசி அடியில் தடுக்கி நின்றுவிட்டான். தவித்த அந்தக் கண்கள் ஜன்னல் பக்கம் திரும்பின... அவள் கண்களில் வந்து முட்டின. ஐயோ பாவம்! அப்பாவோடு உட்கார்ந்து அவள் பாடம் பண்ணிய பாட்டாயிற்றே... தன்னை அறியாமல் அந்த அடியை முணுமுணுத்தாள். அவள் உதட்டசைவைப் பிடித்துக்கொண்டு அவன் ஒப்பித்து முடித்தான்.

"முதல் பரிசு சவரிராயனுக்கு!"

கைதட்டல் ஓயவில்லை. அவன் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"மன்னிக்கணும் ஐயா. கடைசி அடி என்னுது இல்ல. ஜன்னலுக்கு வெளிய இருந்து ஒருத்தங்க எடுத்துக் குடுத்தாங்க. யாருன்னு தெரியாது."

சபை முழுதும் ஜன்னலைப் பார்த்தது. பரிசு வேறொருவருக்குப் போனது. பெர்னதெத் முக்காட்டை இழுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். வெட்கம், கோபம், அழுகை... எல்லாம் ஒன்றாக!

தெருமுனையில் குடையோடு வந்து சேர்ந்தான் அவன்.

"நனையாதீங்க, மத்மசேல்..." பிரெஞ்சுக்காரர் பாணியில் மரியாதையாக அழைத்தான்.

"பேசாதீங்க! என்னால உங்க வேலை போச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே! திருடக் கூடாதுங்கற பாட்டையே திருடிட்டு, நாளைக்குப் பிள்ளைங்க முன்னால எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்கறது?"

சிரித்தான். அவள் மலைத்துப்போனாள். அவளுக்குத்தான் எத்தனை பாட்டு மனப்பாடம்! ஆனால் பாட்டு ஒருநாள் ஆளாக வந்து, தான் நனைந்து, அவளுக்குக் குடை பிடிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் பெர்னதெத்... அப்பாகிட்ட வந்து பேசுங்களேன்."

அவன் முகம் வாடியது. "வேலை இல்லாதவன்... எந்த தைரியத்துல பொண்ணு கேட்டு வர்றது?"

"பரிசோட வந்தா அப்பா யோசிப்பாரு. அதைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தவர விடவே மாட்டாரு!"

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. மேடையில் தவித்த அதே கண்கள்...

"மறுபடியும் நின்னுப்போச்சு. எடுத்துக் குடுங்களேன்..."

அவள் தலை குனிந்தது. "'உங்களப் பிடிச்சிருக்கு'ன்னு..."

"உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றான் சவரிராயன். பிறகு மெல்லச் சொன்னான்: "அந்த 'ரொம்ப' மட்டும் என்னுது."