சுவரோரத் தாழி

"யாரு அது... தலைக்கு மேல நின்னுக்கிட்டு வெளிச்சத்தை மறைக்கிறது?"

எலிசோ வெலவெலத்துப் போனாள். குரல் பூமிக்குள்ளிருந்து வந்தது!

மழைக்கு ஒதுங்கத்தான் அந்த மரானிக்குள், ஒயின் கூடத்துக்குள், ஓடி வந்திருந்தாள். மண் தரை. தரையோடு தரையாகப் புதைந்து கிடந்த ஒயின் தாழிகளின் வட்ட வாய்கள். இன்னும் ஓரடி வைத்திருந்தால், திறந்து கிடந்த ஒன்றுக்குள் தலைகுப்புற விழுந்திருப்பாள்.

"மழை... அதான்..."

"மழைன்னா நனைய வேண்டியதுதானே? நாளன்னைக்கு அறுவடை. தாழி கழுவிட்டிருக்கேன். நகருங்க."

"வந்த விருந்தாளியை வரவேற்கிற லட்சணமா இது? இந்த ககேத்திப் பக்கத்துக்காரங்க எல்லாம் இப்படித்தானா?"

உள்ளே தேய்க்கிற சத்தம் நின்றது. விருந்தாளி என்றால் கடவுள் அனுப்பிய ஆள் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஜார்ஜியனும் மடங்கித்தான் ஆக வேண்டும். ஏணி கிறீச்சிட்டது. முதலில் ஈரத் தலைமுடி... பிறகு இரண்டு தேன் நிறக் கண்கள்... கையில் செர்ரிப் பட்டைத் துடைப்பம். திட்டுவதற்காக வாயைத் திறந்தவன், அவளைப் பார்த்ததும் திறந்தபடியே நின்றான்.

கடவுளே, இப்படியா பார்ப்பது... எலிசோ அவசரமாகக் கூரையை ஆராய்ந்தாள்.

"மால்காஸ்" என்றான் ஒருவழியாக. "திபிலிசி நகரத்துலேர்ந்தா?"

"ஆமாம். எலிசோ. இங்க இருக்கிற ஒயின் கூடங்களைப் பத்திப் புத்தகம் எழுதறேன். ஊர் ஊரா சுத்திட்டிருக்கேன்."

"ஓ... கிளாஸைச் சுழட்டிச் சுழட்டி மோந்து பாக்கிற கூட்டமா!"

"தாழி திறக்கவும் தெரியும்."

"நீங்களா? நகரத்துப் பொண்ணு, பாட்டில் மூடியைத் தவிர வேற என்னத்தைத் திறந்திருக்கப் போறீங்க?"

சுருக்கென்றது அவளுக்கு. "காட்டட்டுமா?"

"காட்டுங்களேன்! சுவரோரத் தாழி. போன வருஷத்துக் கிசித் திராட்சை. ஒழுங்கா திறந்துட்டா என் மூக்கை அறுத்துக்கறேன். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துட்டு வரேன்."

சிரித்துக்கொண்டே மழைக்குள் ஓடினான்.

சுவரோரம் இரண்டு தாழிகள் இருந்தன. இரண்டின் மேலும் ஒரே மாதிரி ஈரக் களிமண் மேடு. எலிசோ மூலையில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்கர்ட்டை மடித்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். மண்ணை வழித்தாள். ஒரு துகள்கூட உள்ளே உதிராமல் கல்மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். மூக்கை அறுத்துக்கட்டும், நல்லா வேணும்!

அப்போது அந்த வாசனை எழுந்தது.

உலர்ந்த ஆப்ரிகாட்... வால்நட்... தேன்... அப்புறம் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. அவள் கை தானாக நின்றது. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஆலைகளில் குடித்திருக்கிறாள். இடிந்த மடாலயங்களின் நிலவறைகளில் நின்றிருக்கிறாள். எட்டாயிரம் வருட ஒயின் மரபு, எட்டாயிரம் வருடம் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்தும் இருக்கிறாள். இன்றுதான் உடம்பு சிலிர்த்தது. கீழே இருண்ட வட்டத்தில் ஒயின் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏனென்று தெரியாமல் கண்ணில் நீர் கோத்தது.

"ஐயோ!"

வாசலில் ஒரு பெரியவர். மால்காஸின் அப்பா பெசிக். அவருக்குப் பின்னால், ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மால்காஸ்.

"மகளே... அது இவன் பொறந்த வருஷம் நான் மிதிச்ச திராட்சை. இவன் கல்யாணத்தன்னைக்குத் திறக்கிறதுக்காகப் புதைச்சது."

எலிசோவுக்கு உலகமே நின்றுபோனது. திறந்த தாழியை மூட முடியாது. காற்றுப் பட்டால் நாளாக ஆகப் புளிக்கும். இந்த மனிதர் ஒரு ஆயுள் முழுக்க அந்தக் களிமண் வெடிக்காமல் நீர் தெளித்துக் காத்ததை, அவளுடைய வீம்பு ஒரு நொடியில் திறந்துவிட்டது.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். விருந்தாளியைத் திட்டக் கூடாதே! அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்மேலதான்ப்பா" என்றான் மால்காஸ். "சுவரோரத் தாழின்னு சொன்னேன். நமக்கு அங்க ஒண்ணுதானே? இதை நாம கணக்குலயே சேக்கிறதில்ல... ரெண்டு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல."

"நான் போயிடறேன்" என்றாள் எலிசோ. "என்ன சொன்னாலும் ஈடாகாது. ஆறு மணி வேன் இருக்கு..."

"போறதாவது! உட்காரு மகளே. ஊரைக் கூப்பிடுவோம். இன்னைக்கே குடிச்சுத் தீர்க்கணும்." பெசிக் குடுவையை இறக்கி மொண்டார். மூன்று கோப்பைகளில் அந்தி வெயில் நிறத்தில் ஒயின் நிறைந்தது. அவர் எழுந்து நின்றார். ஊர் விருந்துகளில் வாழ்த்துச் சொல்வதற்கு அவரை மிஞ்ச ஆளில்லை. இன்றோ வாய் திறந்தவர் திணறினார்.

"இந்த ஒயினுக்கு ஒரே ஒரு வாழ்த்துதான் வச்சிருந்தேன்... பொண்ணு மாப்பிள்ளைக்கு. இப்ப என்னத்தைச் சொல்லிக் குடிக்கிறது?"

கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த மழை ஓய்ந்துவிட்டது. சாலையில் வேன் ஹார்ன் அடித்தது. எலிசோ பையை எடுத்தாள்.

"அப்பா... இன்னொண்ணு சொல்லணும்." மால்காஸின் முகம் சிவந்திருந்தது. "ரொட்டியோட நான் திரும்பி வந்தப்போ, அவங்க மண்ணைத்தான் வழிச்சிட்டிருந்தாங்க. மூடியில இன்னும் கை வைக்கல. ஒரு சத்தம் போட்டிருந்தா போதும்..."

பெசிக்கின் கோப்பை பாதியில் நின்றது.

"பார்த்துட்டு சும்மாவா நின்னீங்க?" எலிசோ அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் சத்தம் போடல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதே தேன் நிறக் கண்கள்...

"போட்டிருந்தா... என் கல்யாணத் தாழியைத் திறக்காம நிறுத்தியிருப்பீங்களே."

ஹார்ன் மறுபடி அடித்தது. பிறகு வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பெசிக் மகனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாழ்த்து எதுவும் சொல்லாமல், ஊரைக் கூப்பிடப் போவதாக முணுமுணுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

எலிசோ பையைக் கீழே வைத்தாள். நகக்கண்ணில் இன்னும் அந்தக் களிமண். தலை நிமிராமலே சொன்னாள்.

"இனிமேலும்... சத்தம் போடாதீங்க."