அம்மாவின் கருவியில் ஒரு பேய்

அம்மா வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் கறுப்பு, திரைச்சீலை கறுப்பு, மேசைத் துணியும் கறுப்பு. பள்ளி விடுமுறை விட்டால் அக்காவும் நானும் அங்கேதான் கிடப்போம். அக்காவுக்குப் பத்து வயது. எனக்கு ஆறு.

நட்சத்திர வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் படம் பிடிக்கும் கருவி ஒன்றை அம்மா செய்துகொண்டிருந்தாள். படத்தில் விழும் கோடுகளைப் பார்த்தே, அந்த நட்சத்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

அன்று மாலை அதைப் பெரிய தொலைநோக்கிக்கு எடுத்துப் போக வண்டி வருவதாக இருந்தது. ஆனால் சோதனை விளக்கைப் போட்டதும், கணினித் திரையில் கோடுகளுக்கு நடுவே யாரும் கூப்பிடாத ஒரு வெளிச்சப் பொட்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

"பேய் இன்னும் போகலை," என்றார் அம்மாவுடன் வேலை பார்த்த மாமா. கருவிக்குள் கண்ணாடிகளை மாட்டுவது அவர்தான்.

நான் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதே. எங்கேயோ மோதித் திரும்பி வர்ற வெளிச்சத்துக்கு இவங்க வச்ச பேரு. கடிக்காது," என்றாள் அக்கா.

"கடிக்காதா? என் உழைப்பையே முழுங்கிடும்," என்றாள் அம்மா. "இல்லாததை இருக்குன்னு காட்டினா, நட்சத்திரத்தைப் பத்திப் பொய் சொன்ன மாதிரி. இதோட அனுப்ப மாட்டேன். இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

வெளிச்சம் எங்கோ கசிகிறது என்று இருவரும் இடுக்கெல்லாம் கறுப்பு நாடா ஒட்டினார்கள். திருகாணித் தலைகளுக்கும் கறுப்பு பூசினார்கள். மாமாவின் மூக்குகூடக் கறுத்தது. பேய் அசையவே இல்லை.

அம்மா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று, தன் மூக்குக்கண்ணாடியை மேலும் கீழும் அசைத்தாள்.

"என்னடி பண்றே?"

"விளக்கு பின்னாடி இருந்தா, கண்ணாடிக்குள்ள என் கண்ணே எனக்குத் தெரியுதும்மா. சாய்ச்சா போயிடுது." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "உன் கருவிக்குள்ள இருக்கிற கேமராவுக்கு முன்னாடியும் ஒரு கண்ணாடி இருக்குல்ல? அது நேரா இருக்கா?"

"நேராவா? முடியளவு கோணல் கிடையாது! நானே மாட்டினது," என்றார் மாமா பெருமையாக. சொல்லிவிட்டுத் திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

அம்மா சட்டென்று எழுந்தாள். "கேமராவில பட்ட வெளிச்சம் கண்ணாடிக்குப் போய், மறுபடி கேமராவுக்கே வருது! நாம வாசலைக் காவல் காத்துட்டிருக்கோம், அது வீட்டுக்குள்ளேயே பந்து விளையாடுது!"

மாமா அந்தக் கண்ணாடியின் ஒரு ஓரத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிச் சற்றே சாய்த்தார். கணினித் திரையில் அந்தப் பொட்டு மெல்ல நகர்ந்தது. விளிம்புவரை போய், காணாமல் போனது.

"அவ்வளவு பாடுபட்டு நேரா மாட்டினேனே," என்று மாமா முனகினார்.

"நீங்க அவ்வளவு நேரா மாட்டினதாலதான் மாமா கண்டுபிடிக்க முடிஞ்சுது," என்றாள் அக்கா. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா இப்போது இல்லை. அவளை நினைத்தால் எனக்கு அந்த மாலைதான் முதலில் வருகிறது.

"வாடி, நீதான் முதல்ல பார்க்கணும்," என்று அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். திரை எனக்கு எட்டாது. அக்கா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"தெரியுதா?"

தெரிந்தது. இருட்டில் கோடுகள் மட்டும், சுத்தமாக.

வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவள் என்னைக் கீழே இறக்கவில்லை.