கண்ணைப் பொத்திய கை

திருமலையில் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு நேரே எங்கள் ஊர் நகரிக்குத் திரும்பியிருக்கலாம். தண்ணீரில் ஆடியே தீருவேன் என்று என் மகள் தரணி அடம்பிடித்தாள். திருப்பதிக்கு வெளியே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் இறங்கினோம்.

உள்ளே எல்லாருக்கும் ஒரே நீல வாடகை உடுப்பு. அலைக்குளம் முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். எது யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியவில்லை.

"தேவசேனா, கொயந்த கைய வுட்டுடாத. துன்றதுக்கு எதுனா வாங்கிக்கினு வரேன்" என்றார் என் வீட்டுக்காரர் சுரேஷ்பாபு.

"எனக்குத் தெரியாதா? நீ போ" என்றேன்.

அலை வரப்போகிறது என்று சங்கு ஊதியது. பெரிய அலை வந்து மோதியதில் தரணி கை நழுவிவிட்டது. பதறிப்போய் நுரைக்குள் துழாவினேன். ஒரு சின்னக் கை அகப்பட்டது. அப்பாடா என்று இழுத்துக்கொண்டு கரையேறினேன்.

அப்போதுதான் அலறல் கேட்டது. காவலாள் ஒருவன் குளத்திலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிவந்து தரையில் கிடத்தினான். மூச்சில்லை. உதடெல்லாம் நீலம். நெஞ்சை அழுத்திக்கொண்டே, "எவரம்மா ஈ பாப்ப?" என்று கூட்டத்தைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று தெலுங்கில் கேட்டுக் கத்தினான். என் பிள்ளை என்று யாரும் முன்னால் வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

"பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சா? புள்ளைய வுட்டுட்டு செல்ஃபி எடுத்துக்கினு இருக்கிறாளா?"

நாலு பேர் ஆமாம் போட்டார்கள். என் கையைப் பிடித்திருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"நீ பாக்காத கண்ணு."

அவள் கண்களைப் பொத்தினேன். முகம் சில்லிட்டிருந்தது. உள்ளங்கையில் இமைகள் அசையவே இல்லை. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுரேஷ்பாபு ஓடிவந்தார். கையிலிருந்த பொட்டலத்தைப் போட்டுவிட்டு, தரையில் கிடந்த குழந்தைமேல் விழுந்தார்.

"ஐயோ, தரணீ!"

என் கை இன்னும் ஒரு முகத்தை மூடியிருந்தது.

குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தரையில் கிடந்தவள் சட்டென்று இருமினாள். தண்ணீரைக் கக்கினாள். அதே நொடியில் என் கைக்குள் ஒன்றுமில்லை. ஈரம் மட்டும் இருந்தது. சந்தனம் மணத்தது.

பெருமாள்தான் காப்பாற்றினார் என்றார்கள். நானும் அழுதுகொண்டே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அது சித்திரையில். இப்போது தை பிறந்துவிட்டது. தரணிக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. சத்துக் குறைவு என்று டாக்டர் மாத்திரை தருகிறார். எத்தனை தேய்த்துக் குளிப்பாட்டினாலும் சந்தன வாசனை போகவில்லை. ரோட்டைக் கடக்க அவள் கையைப் பிடித்தால், அன்றைக்கு நுரைக்குள் அகப்பட்ட கை மாதிரியே இருக்கிறது. சொன்னால், "கண்டதையும் ஒளறிக்கினு இருக்காத" என்று சுரேஷ்பாபு எரிந்துவிழுகிறார்.

நேற்று அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வாங்கியதை மெதுவாக மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நீ என் கண்ணப் பொத்திட்டியே. கீய படுத்துனு இருந்துச்சே அந்தப் பாப்பா, அது செத்துப் பூடுச்சா?"