தொட்டில் கொக்கி

வடமேற்கு வானத்து வால்நட்சத்திரத்தைப் பார்த்துத் திருகி இறுக்கிவிட்டுப் போன டெலஸ்கோப், வாசலில் இன்று சாயங்காலமும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“ஆரு இதுல கை வெச்சது?” வெங்கடபதி கத்தினான்.

“நானில்லீங்க.” அவன் மனைவி சண்முகப்பிரியா நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். “ஏனுங்க, அந்த ரூம்ல படுக்கவே முடியலீங்க. அக்கா நெனப்பாவே இருக்குது. எங்கம்மா ஊட்டுக்காவது அனுப்புங்க.”

“செத்தவ எந்திரிச்சு வந்து உன்னைத் தூக்கீட்டுப் போயிருவாளாக்கும்! போய்ப் படு.”

அக்கா என்றது அவன் அண்ணன் மனைவி நாச்சியம்மாளை. பிள்ளையில்லாதவள் என்று ஊரோடு சேர்ந்து இவனும் பழித்துச் சிரித்த சிரிப்பில், அந்த அறையின் உத்திரத்துத் தொட்டில் கொக்கியில் தூக்கு மாட்டிக்கொண்டவள். கொக்கியை ஆற்றில் போட்டுத் தலைமுழுகச் சொன்னது சொந்தபந்தம். முட்டாள் கூட்டம்! கோயமுத்தூரில் பம்ப்செட் வார்க்கிறவனுக்கு இரும்பு இரும்புதான். அதையும் உலையில் எறிந்தான்.

டெலஸ்கோப் கடைக்காரன் பிராங்க் அதை நிறுத்தக் காட்டிய ஸ்டாண்டுகளோ, சீ! ஒன்று விரல் பட்டாலே நடுங்கியது. நட்சத்திரத்தோடு மெல்லத் திரும்புகிற மற்றொன்றுக்குப் பொம்மைக் கார் மோட்டார். நெடுநேரம் ஃபிலிமில் வெளிச்சம் விழவேண்டிய வால்நட்சத்திரப் படத்துக்கு இதுவா லட்சணம்? டெலஸ்கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, தாங்கியைக் கொக்கி உருகிய அதே உலையில் வார்த்து, பெரிய மோட்டாரும் பூட்டினான். யானை முட்டினாலும் அசையாது.

மறுபடி வானத்துக்குத் திருப்பி, ஸ்பானர் போட்டு மூச்சுப் பிடித்து முறுக்கினான். மேற்கே செம்மை வடிந்துகொண்டிருந்தது. தென்னோலைச் சலசலப்பு சட்டென்று அடங்கியதும், சூடான இரும்பின் நெடியும் அதனடியில் வாடிய மல்லிகை வாசமும் எழுந்தன. உள்ளங்கைக்குக் கீழே இரும்பு கதகதத்தது.

குழாய் நகர்ந்தது.

மோட்டார் வயர் பிளக்கில் மாட்டாமல் தரையில் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். நிற்கவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நின்றது.

“துருப்பிடிச்ச சனியனே,” என்று வைதான். கண்ணை வைத்தான்.

நாச்சியம்மாள் தொங்கிய அதே படுக்கையறையின் ஜன்னல். உள்ளே டியூப்லைட். வான் பார்க்கிற டெலஸ்கோப்பில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். கட்டில் தலைகீழ். மல்லாந்து தூங்கும் சண்முகப்பிரியா தலைகீழ்.

ஒருத்தி மட்டும் நேராக நின்றாள்.

நேராக. அப்படியென்றால் அறைக்குள் அவள் கால்கள் உத்திரத்தில். தலை கீழே. சண்முகப்பிரியாவுக்கு நேர் மேலே.

“அம்மணி! எந்திரி! ஓடியா!”

கத்தியதெல்லாம் தொண்டையிலேயே நின்றது. என் பிள்ளை, என் பிள்ளை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

நாச்சியம்மாள் ஒரு தாயைப்போலச் சிரித்தாள். அவள் கைகள் இரண்டும், தூங்குகிறவளின் வயிற்றுக்குள் மணிக்கட்டுவரை போயிருந்தன.