வேப்பிலைக் குடம்

தாழ்ப்பாள் போட்டதோடு நிற்காமல் மரப்பெட்டியையும் கதவோடு சேர்த்து இழுத்து முட்டுக்கொடுத்தாள் ராக்காயி. வெளியே ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் குழந்தைவேலு விடாமல் தட்டினார்.

“தொறம்மா. உடம்புல செவப்பு செவப்பா இருந்தா அம்மைன்னு ஆயிடுமா? இது கொசுக் காய்ச்சல். லயத்து வீடுகள்ல இருக்கிற தண்ணி பூராவும் கொட்டிட்டு வர்றேன். உன் குடம் ஒண்ணுதான் பாக்கி.”

“ஆத்தா குடத்தக் கொட்டச் சொல்றீங்களே, ஜப்பான்காரன் சோறு தின்னா இப்பிடித்தான் பேச வருமோ?”

“சோறா? எனக்கும் மரவள்ளிக் கெழங்குதான்லா!” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “பையன் உடம்பு நெருப்பா கொதிக்குதில்ல? அந்தச் சூட்டுக்குத்தான் கொசு மொய்க்கும். கொட்டகைக்காச்சும் அவனத் தூக்கிட்டு வா.”

கொட்டகையா! ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போன பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் மகளைத் துணியில் சுற்றியல்லவா திருப்பிக் கொடுத்தார்கள்? ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்கு ராக்காயியின் புருஷனை லாரியில் ஏற்றிய அன்றும், நாடி பிடித்துப் பார்த்து “நல்ல உடம்பு” என்றது இதே வாய்தான். இனி அவளுக்கென்று மிஞ்சியிருப்பது மகன் முனியாண்டி ஒருவன். அவனையும் இந்த மனுஷனிடம் கொடுப்பதா?

தட்டல் நின்றது. காலடிகள் போகவில்லை, சுவரை ஒட்டிப் பின்பக்கம் நகர்ந்தன. அவள் மகனருகே திரும்பி வந்து உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேப்பிலைப் புகையும் கெட்டுப்போன ரப்பர் பாலின் நாற்றமும் அந்த ஒற்றை அறைக்குள் கனத்துக் கிடக்க, ஜன்னலில் தொங்கிய கோணிச் சாக்கில் ஒரு தலையின் நிழல் விழுந்து, நின்று, மெல்ல விலகியது. அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. நூல் மாதிரி மெல்லிய ரீங்காரம்.

எதையோ உள்ளே விடுகிறான் பாவி!

மகனுக்கு விசிறிக்கொண்டிருந்த முறத்தை எறிந்துவிட்டு ஓடினாள். சாக்கின் இடுக்குகளில் கந்தலைத் திணித்தாள். கதவின் அடியில் புடவையைச் சுருட்டி அடைத்தாள்.

சத்தம் குறையவில்லை. கூடியது.

வெளியே இல்லை.

அறைக்குள்.

மகனின் தலைமாட்டில்.

அங்கே குடம். வாயை மூடி வேப்பிலைக் கொத்து. பிள்ளைக்குக் குணமானதும் தலைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர். ஊற்றாமல் கவிழ்த்தால் ஆத்தா பொறுக்கமாட்டாள் என்று அவள் தொட்டதே இல்லை.

கொத்தைத் தூக்கினாள்.

தண்ணீர் நெளிந்தது. விளிம்பு வரை புழுக்கள். அதிலிருந்து கருப்பாக, காலில் வெள்ளை வரியோடு, ஒவ்வொன்றாக எழும்பின.

மூத்த மகள் நவமணிக்கு வைத்த தண்ணீர் அது. ஊற்றும் நாள் வரவில்லை. அடுத்தவள் ரமணிக்கும் அதே தண்ணீர்தான். அதுவும் வரவில்லை.

“ராக்காயி!” சாக்குக்கு அப்பாலிருந்து டிரெசர் கத்தினார். “பையன் மேல இன்னும் கொசு மொய்க்குதா, பாரு!”

அவள் கைகளில் உட்கார்ந்தன. கழுத்தில். இமையில். அவள் தட்டவில்லை.

முனியாண்டியின் திறந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் ஒன்றுகூட உட்காரவில்லை.